சொல்லி மறந்த ஜெபம்

"ஜெபத்துல வச்சுக்கறேன்" என்ற வார்த்தை கிறிஸ்தவ வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லப்படுகிறது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணினால் பரலோகத்திலேயே கொஞ்சம் சங்கடமாகிவிடும். வேலை கிடைக்கவில்லையா, ஜெபத்துல வச்சுக்கறேன். முட்டி வலியா, ஜெபத்துல வச்சுக்கறேன். மகளுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லையா, அதற்கும் அதுவேதான். வாசலில் நின்று பேசுகிறவரிடமிருந்து மரியாதையாகக் கழன்றுகொள்ள இதைவிட நல்ல வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. "சரி, வரட்டுமா" என்பதற்கு ஞானஸ்நானம் கொடுத்தால் இந்த வார்த்தைதான் கிடைக்கும்.

இந்தக் கதையின் பெண் இப்போது ஒரு கட்டடக் கம்பெனியில் இன்ஜினியர். மஞ்சள் தொப்பியும் சிமெண்ட் படிந்த பூட்ஸுமாகச் சாரத்தில் ஏறி இறங்குகிறவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆராதனைக்குப் போகிறவள். ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. கேட்டால், "அது எனக்கு ஒத்துக்காது" என்பாள், ஏதோ கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாதவர்கள் சொல்வது போல. எப்படி ஒத்துக்கொள்ளாமல் போனது என்பதற்கு அவள் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களுக்குப் போக வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு டயர் கடை மாடிக்கு.

அப்பா லாரி ஓட்டுநர். அம்மா வீட்டிலேயே தையல். அவர்கள் போன சபை, ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த நீளமான கூடம். போதகர் உருக்கமாகப் பேசுகிற இடத்தில் பார்த்துக் கீழே காற்று அடிக்கும் மிஷின் உறும ஆரம்பிக்கும். அவரும் அசர மாட்டார், அது நிற்கும்வரை "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சமாளித்துக்கொண்டு நிற்பார். ரப்பர் வாடை இல்லாத இடத்தில் கடவுள் இருக்கிறாரா என்ற சந்தேகமே அவளுக்குச் சின்ன வயதில் உண்டு.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். முன்னறிவிப்பு இல்லாமல் போதகர் யாரையாவது கைகாட்டி, "நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்க" என்பார். அந்த நேரம் பார்த்துப் பெரியவர்கள் எல்லாம் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி தரையைப் பார்ப்பார்கள். ஒருநாள் கை தவறிப்போய் இவள் பக்கம் திரும்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "ஆண்டவரே, அப்பா லாரியில இடது பக்கக் கண்ணாடி உடைஞ்சிருக்கு. முதலாளி மாத்தித் தரமாட்டேங்கறாரு. அதனால நீங்க இடது பக்கமா உக்காந்து பாத்துக்கங்க. ஆமென்."

கூடமே சிரித்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதலாளியின் மைத்துனர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார், அடுத்த நடைக்குள் கண்ணாடி மாற்றப்பட்டுவிட்டது. இது எந்த வகை அற்புதம் என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளலாம். சபை முடிவு செய்துவிட்டது. அன்றிலிருந்து எந்த வீட்டில் எது என்றாலும், புது சைக்கிள் ஆனாலும் பழைய சர்க்கரை வியாதி ஆனாலும், "லாரிக்காரர் பொண்ணைக் கூப்பிடுங்க" என்றாகிவிட்டது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவள் வாயும் வளர்ந்தது. பெரியவர்களின் சொற்களைப் பிடித்துக்கொண்டாள். வியாதியஸ்தர்கள், விதவைகள், பிரயாணத்தில் இருப்பவர்கள், தேசத்தை ஆளுகிறவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து போனார்கள். ஏற்ற இறக்கம் வந்தது. எங்கே குரல் தழுதழுக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. இடது பக்கக் கண்ணாடி மாதிரி எதுவும் அப்புறம் அந்த ஜெபங்களில் வரவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை, அவளும்தான்.

கட்டடப் பொறியியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் முதல் நாளே பெயர் வாங்கிவிட்டாள். தட்டை முன்னால் வைத்துக் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தாள். வழக்கப்படி வியாதியஸ்தர்களைக் கடந்து தேசத்துக்குப் போய்ச் சேருவதற்குள், மேஜை துடைக்கும் அம்மா, பாவம் சாப்பிடாமலே தூங்கிவிட்டாள் போல என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கண்ணைத் திறந்தால் துடைத்த மேஜை பளபளவென்று இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டாள்.

"சாமி கும்பிடு, வேணாங்கல. ஒரு கையால தட்டைப் புடிச்சுக்க" என்றாள் அவள்.

அந்த ஒல்லிப் பெண்தான் அறைத்தோழி. மருந்தியல் படிக்கிறவள், அதனால் விடுதியில் அவளுக்கு "மாத்திரை" என்று பெயர். இவளுக்கு அன்றைக்கே "பாஸ்டரம்மா" என்று வைத்துவிட்டார்கள். தலைவலி என்றால் மாத்திரையிடம் போ, மனவலி என்றால் பாஸ்டரம்மாவிடம் போ, இரண்டு கட்டில்தான் தூரம் என்பது அந்த மாடியின் நகைச்சுவை.

மாத்திரைக்குக் கடவுள் விஷயத்தில் அக்கறையும் இல்லை, சண்டையும் இல்லை. "எனக்கு அவரைத் தெரியாது. அவரும் என்னைத் தேடுன மாதிரி தெரியல" என்பாள். ஆனால் பாஸ்டரம்மா காலையில் கட்டிலருகே மண்டியிட்டிருந்தால் கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் பல் துலக்கப் போவாள். இவளுக்குச் சளி பிடித்தால் ஆவி பிடிக்க வெந்நீர் கொண்டுவருவாள். பாஸ்டரம்மாவும் அவளைச் சபைக்கு வா என்று இழுத்ததில்லை. ஆசை இருந்தது, சொல்லத்தான் கூச்சம்.

வியாழக்கிழமை சாயங்காலங்களில், காலியாகிற ஒரு வகுப்பறையில் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் கூடும். பாதி அழித்த சமன்பாடுகளுக்குக் கீழே ஒரு கிடார், முப்பது நாற்காலி, பிஸ்கட். ஆராய்ச்சி மாணவர் ஒருவர்தான் செயலாளர், எல்லாருக்கும் அண்ணன். முதல் கூட்டத்தில் பாஸ்டரம்மா எழுந்து ஜெபித்ததும் அண்ணன் கண்கலங்கி, "இப்படி ஒரு ஆளுக்காகத்தான் காத்திருந்தோம்" என்றார். அதற்கப்புறம் ஆரம்ப ஜெபம் அவளுடையது, முடிவு ஜெபமும் அவளுடையது.

மூன்றாம் வருடத்தில் ஒரு மத்தியானம். கான்கிரீட் க்யூப்களை ஆய்வுக்கூடத் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டிய நாள். இரும்பு அச்சில் வார்த்து, இறுகியதும் தண்ணீரில் மூழ்க வைத்து, குறித்த நாளில் எடுத்து மிஷினில் நசுக்கி எவ்வளவு எடை தாங்குகிறது என்று பார்ப்பார்கள். நாள் தப்பினால் கணக்கு தப்பும். பாஸ்டரம்மா ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருக்கிறாள், மாத்திரை தாழ்வாரத்தில் மறித்தாள். கையில் போன். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பாவுக்குக் குடல்ல அடைப்பாம். நாளைக்குக் காலைல ஆபரேஷன். நான் ஊருக்குக் கிளம்பறேன்."

"ஐயோ! இப்பவா?"

"அம்மா அழுவுறாங்க. ஒண்ணும் சரியா சொல்ல மாட்டேங்கறாங்க." மாத்திரை இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், உங்க ஆண்டவர்கிட்ட எங்கப்பாவுக்காகக் கொஞ்சம் கேப்பியா? எனக்கு எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

"இதைச் சொல்லணுமா? ராத்திரி முழுக்க ஜெபிக்கறேன். நீ நிம்மதியா போ."

சொன்னபோது முழு மனதோடுதான் சொன்னாள். அதில் பொய் இல்லை. அப்புறம் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். தொட்டியிலிருந்து க்யூப்களை எடுத்துத் துடைத்து அடுக்கினால், நசுக்கும் மிஷின் பாதியில் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து எண்ணெய் மாற்றி ஓட்டுவதற்குள் இருட்டிவிட்டது. சாப்பிட்டாள். உடம்பெல்லாம் வலி. கட்டிலில் விழுந்தவள் அடித்துப் போட்டது போல் தூங்கினாள். ஒரு க்யூப்கூட அவளுக்கு மறக்கவில்லை. மாத்திரையின் அப்பா மறந்துபோனார்.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. "அப்பா பொழைச்சுட்டாரு! கொஞ்சம் லேட்டாயிருந்தா அவ்வளவுதானாம், டாக்டரே சொன்னாரு. எல்லாம் நீ கேட்டதுதான்!" என்று மாத்திரை அழுதுகொண்டே சிரித்தாள். அந்த நிமிஷம்தான் பாஸ்டரம்மாவுக்கு ஞாபகம் வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, வாயைத் திறக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொன்னாள். வேறு என்ன வரும், பழகிய வாய்.

மாத்திரை திரும்பி வந்தபோது தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன சந்தோஷத்தில் மாடி முழுக்கச் சொன்னாள். முதல் ஆபரேஷன் முடிந்துவிட்டது, உடம்பு தேறியதும் இன்னொன்று செய்து குடலைச் சேர்ப்பார்கள், ஆனால் கண்டம் தாண்டிவிட்டது. எல்லாம் பாஸ்டரம்மா ராத்திரி முழுக்க முழித்திருந்து கேட்டதால். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இது என்று இவளுக்கு மட்டும் தெரியும். அதிலும் காக்கை உட்காரவே இல்லை. குளியலறை வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் இவளிடம் பரீட்சைக்கு ஜெபிக்கச் சொன்னார்கள். செய்தி அண்ணன் காதுக்கும் எட்டியது.

"சகோதரி, வர்ற வியாழக்கிழமை ஆண்டவர் செஞ்சதை எல்லார் முன்னாலயும் நீங்க சாட்சியா சொல்லணும். அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மாத்திரை உடனே சரி என்றாள். "நன்றி சொல்லணும்ல. யாருக்குச் சொல்லணும்னுதான் தெரியல. நீ சொல்லிக்குடு."

எத்தனை நாள் ஆசைப்பட்டது அது! மாத்திரை தானாக வருகிறேன் என்கிறாள். உண்மையைச் சொன்னால் மாத்திரை போய்விடுவாள், அப்போதுதான் முளைத்த நம்பிக்கையையும் கூடவே எடுத்துக்கொண்டு. சொல்லாமல் விட்டால், அந்தக் கூட்டத்தில் நின்று ஆண்டவர் பெயரைச் சொல்லிப் பொய் பேச வேண்டும், அதன் பிறகு அந்த வாயை எதற்கு வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

தையல் மிஷின் ஓடும் சத்தம் நின்றது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கா இப்படி அழுவுற?" என்றாள். "மறக்குறதுதான். நான் எத்தனை பேருக்குச் சொல்லிட்டு மறந்திருக்கேன் தெரியுமா? மேல் வீட்டு அக்கா கர்ப்பப்பைக்குக் கேக்கறேன்னு சொன்னது, அவங்க பேரனே எடுத்துட்டாங்க, நான் இன்னும் கேக்கல."

"அம்மா!"

"சரி, இப்ப ஜெபிச்சிரு. ஆண்டவருக்கு நேத்து, நாளைக்கெல்லாம் கிடையாதும்மா. நீ இப்பக் கேட்டாலும் அவரு அன்னிக்கே கேட்டதா எடுத்துக்குவாரு."

கெட்டிக்காரத்தனமான யோசனைதான். அவள் மண்டியிட்டுப் பார்த்தாள். "ஆண்டவரே, போன வாரம் நடந்த ஆபரேஷனை நல்லபடியா" என்று ஆரம்பித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையாக மாறியது. எழுந்துவிட்டாள்.

வியாழக்கிழமை மாத்திரை இஸ்திரி போட்ட உடையில், பெட்டி நிறைய கேக்கோடு வந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எப்போது கண்ணை மூடுகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து மூடினாள். பாட்டு முடிந்தது. அண்ணன் கைகாட்டினார்.

அவள் எழுந்து நின்றாள். வழக்கமாகத் தானே ஓடிவரும் ஒரு சொல்லும் வரவில்லை.

"நான் ஜெபிக்கல" என்றாள். "ராத்திரி முழுக்க ஜெபிக்கறேன்னு இவகிட்ட சொன்னேன். லேபுக்குப் போனேன், வந்து தூங்கிட்டேன். இவ போன் பண்ணினப்பதான் ஞாபகமே வந்துச்சு. அப்பவும் சொல்லல."

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணன் நல்ல மனிதர், நிலைமையைக் காப்பாற்ற எழுந்தார். "பாத்தீங்களா, எவ்வளவு தாழ்மை! மகிமையெல்லாம் தனக்கு வேணாம்னு…"

"தாழ்மை இல்லண்ணா, மறதி."

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். மாத்திரை எழுந்தாள். கேக் பெட்டியை மேஜை மேல் பத்திரமாக வைத்தாள். வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அறையில் போய்ப் பார்த்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பாஸ்டரம்மா மன்னிப்புக் கேட்டாள். மாத்திரை திரும்பாமலே பேசினாள்.

"உங்க சாமி மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. டாக்டர் காப்பாத்துனாரு, அப்படியே இருக்கட்டும். ஆனா அன்னிக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில அம்மா முழிச்சிருந்தாங்க, தம்பி முழிச்சிருந்தான். நான் தூங்குனேன். நீ முழிச்சிருக்கேன்னு நம்பித் தூங்குனேன்."



பிறகு வந்த வாரங்கள் சத்தமில்லாமல் போயின. ஒரே அறை, இரண்டு கட்டில், "லைட்டை அணைக்கட்டுமா", "ம்" என்ற அளவில் பேச்சு. பாஸ்டரம்மா ஐக்கியத்துக்குப் போனாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஆரம்ப ஜெபத்துக்கு அண்ணன் தயங்கித் தயங்கிப் பார்த்தபோது தலையை ஆட்டி மறுத்தாள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது போதகர் கைகாட்டினார். லாரிக்காரர் மகள் ஜெபம் கேட்க எல்லாரும் கண்ணை மூடி ஆயத்தமாகிவிட்டார்கள். அவள் எழுந்து, "இன்னிக்கு வேற யாராவது பண்ணுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். கீழே காற்று மிஷின் மட்டும் உறுமியது. பல்கலைக்கழகம் போய்ப் பிள்ளை கெட்டுவிட்டாள் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அவளை ஜெபத்தில் வைத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள்.

நம்பிக்கை போய்விடவில்லை. அதுதான் விசித்திரம். சொற்கள்தான் போயிருந்தன. காலையில் மண்டியிட்டால் சும்மா இருப்பாள். முன்பெல்லாம் தான் பேசி முடித்ததும் எழுந்துவிடுவாள். இப்போது பேச ஒன்றும் இல்லாததால் எப்போது எழுவது என்று தெரியாமல் அங்கேயே இருந்தாள். மாத்திரை அப்போதும் கதவை ஓசைப்படாமல்தான் சாத்திவிட்டுப் போனாள்.

ஒருநாள் காலை மாத்திரை பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜிப் மாட்டிக்கொண்டது. இழுத்து மூடிவிட்டு, கதவு வரைக்கும் போய் நின்றாள்.

"நாளைக்கு அப்பாவுக்கு ரெண்டாவது ஆபரேஷன்" என்றாள், கதவைப் பார்த்து.

அந்த வார்த்தை பாஸ்டரம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கம் அல்லவா. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

"இப்பவே கேக்கட்டுமா? நீ இருக்கும்போதே?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நீளமா இல்ல."

மாத்திரை பையைக் கீழே வைத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடவில்லை. பாஸ்டரம்மாவும் மூடவில்லை. வாயைத் திறந்தவள் நிறுத்தினாள்.

"உங்க அப்பா பேரு என்ன?"

மாத்திரை அவளை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று வருடம் ஒரே அறை. அந்த மனிதர் விடுதி வாசலுக்கு வந்து இவர்கள் இருவருக்கும் பழம் வாங்கித் தந்துவிட்டுப் போயிருக்கிறார். மாத்திரை பெயரைச் சொன்னாள். பிறகு கேட்காமலே மற்றதையும் சொன்னாள்: மயக்க ஊசி என்றால் அவருக்கு ரொம்பப் பயம், போன தடவை இரண்டு பேர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது, வெளியில் சொல்ல மாட்டார்.

பாஸ்டரம்மா அந்தப் பெயரைச் சொன்னாள். "ஆண்டவரே, இவருக்கு மயக்க ஊசின்னா பயம். ஊசி போடும்போது பக்கத்துல இருங்க. டாக்டர் கை நடுங்காம இருக்கட்டும். இவ இன்னிக்கு ராத்திரி தூங்கட்டும். நான் முழிச்சிருக்கேன். ஆமென்."

"அவ்வளவுதானா?" என்றாள் மாத்திரை.

"அவ்வளவுதான்."

"தேசத்துக்கெல்லாம் இல்லையா?"

"பஸ் போயிடும், கிளம்பு."

மாத்திரையின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. பையைத் தூக்கிக்கொண்டு போனாள், படியிறங்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் பகல் முழுக்க பாஸ்டரம்மா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் கலவை கிண்டும்போதும் சட்டைப் பையில் இருந்தது. கண் எரிந்தது. அது அடித்தபோது, சிமெண்ட் கையைத் துடைக்காமலே எடுத்தாள்.

"தூங்குனியா நீ?" என்று கேட்டாள் மாத்திரை. அதுதான் முதல் கேள்வி.

"இல்ல."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் ஓசை கேட்டது.

"நான் தூங்குனேன்" என்றாள் மாத்திரை. அப்புறம்தான் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.